பதினேழாம் பெட்டி

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை
பஸ் சாவியை டிப்போவில் கொடுத்துவிட்டு
முட்டைகளோடு காட்டுக்குப் போகிறேன்.
இரண்டு டஜன்.
உடையாமலிருக்க, பழைய கம்பளிக் காலுறைகளில்
ஒவ்வொன்றாய் இறக்கி முடிச்சிட்டவை.

வெலிங்டனுக்குக் கிழக்கே, அரசாங்கக் காடு.
எல்லாருக்கும் சொந்தம் என்று
நுழைவாயில் பலகை சொல்கிறது.
அதனால்தான்
பல வருடம் யாருமே எட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

முன்னால் பராட்டேனே நடக்கிறான்.
வாரநாளில் பல்செட்டு வார்க்கிற வேலை.
மரத்தில் ஆணியடித்த இளஞ்சிவப்பு முக்கோணம்
ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுத்தான் கடப்பான்.
ஏதோ வேண்டுதல் என்று
நாலு மாதம் நினைத்திருந்தேன்.
கேட்டேவிட்டேன்.
"ஆணி கழன்றிருக்கான்னு பாக்கறேன்."

முதல் பெட்டி காலி.
இரண்டாவதில் எலி.
மூன்றாவதில் முட்டையை மட்டும் காணோம்,
வில் அப்படியே விறைத்து நிற்கிறது.
"கெட்டிக்காரப் பயல்" என்கிறான்,
பாராட்டா வசவா தெரியவில்லை.
நனைந்த நோட்டில் நான் எழுதுகிறேன்.
பேனா எழுதாது, பென்சில்தான்.

ஒன்பதாவதில் ஸ்டோட்.
கீரியை இன்னும் இழுத்து நீட்டியதுபோல் உடம்பு,
வால்நுனியில் மட்டும் கறுப்பு.
ஒன்று பிடிபட்டால்
பொந்துக் குஞ்சுகளில் எத்தனை பிழைக்கும் என்று
பயிற்சி நாளில் ஒரு கணக்குச் சொன்னார்கள்.
அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான்
அதன் வாலைப் பிடித்துத் தூக்கினேன்.

பதினேழில்
முள்ளெலி.

ஷ்ராப்ஷயரில் எனக்கு ஏழு வயதிருக்கும்,
பின்கதவுப் படியில் தினமும் ஒரு தட்டுப் பால்.
இருட்டில் சளக் சளக் என்று அது குடிக்கும் சத்தம் கேட்கும்வரை
படுக்கப் போகமாட்டேன்.
பால் அதற்கு ஆகாது, வயிற்றைக் கெடுக்கும்
என்பது எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது.

இங்கே
தரையில் கூடு கட்டும் பறவையின் முட்டைக்கு அது எமன்.
கப்பலில் வந்தது.
பிறந்த ஊர் ஞாபகமாக இருக்கட்டும் என்று
யாரோ ஆசை ஆசையாகக் கொண்டுவந்தார்கள்.
நான் விமானத்தில் வந்தேன்.

பராட்டேனே என்னைப் பார்க்கவில்லை.
பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு
தூரத்தில் எதையோ பார்த்தபடி
"நான் எடுக்கட்டுமா?" என்றான்.
வேண்டாம் என்றேன்.
கையுறைக்குள்ளும் குத்தியது.
பன்னத்தடியில் வைத்தேன்.
புதைக்கத் தேவையில்லை, விதிமுறையில் அப்படித்தான்.
ஆனாலும் காலால் கொஞ்சம் சருகு தள்ளினேன்.

பிறகு
நெம்புகோலால் வில்லை இழுத்து
கொக்கியில் மாட்டி
விரலை எடுத்துக்கொண்டு
புது முட்டை வைத்தேன்.
கை நடுங்கவில்லை.
அதைத்தான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மலைச்சரிவில் மண் சரிந்து
இருபத்து மூன்றும் இருபத்து நான்கும்
ஓடையோடு போயிருந்தன.
பலகைத் துண்டொன்று கிடைத்தது, எண் இல்லை.
'காணவில்லை' என்று இருமுறை எழுதினேன்.

ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தபோது
மேலே ஒரு பறவை.
மூன்று ஸ்வரம், ஒரு இருமல், மறுபடி மூன்று.
"அதுவா?" என்றேன்.
தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டான்.
"தெரியல.
டுயியா இருக்கலாம். எல்லாத்தையும் போலப் பாடும் அது."

இரண்டு முட்டை மிச்சம்.
தகரக் குவளையில் வேகவைத்தோம்.
ஓட்டை உரித்தபோது
விரலில் முள் குத்திய இடம் எரிந்தது.
உப்பு இருக்கா என்றான்.
இல்லை.
அடுத்த மாதம் கொண்டுவருகிறேன் என்றேன்.